சிங்கிள்டனும் ஒத்தைப் பிள்ளையும்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் இரண்டு விஷயம் பேசினாய். போர்வெல் போடுகிற நம் ரிக் ஆபீஸுக்கு நான் எழுதி வைத்த பழைய புரோகிராமை நீ பெங்களூரில் இருந்துகொண்டே புதிதாக எழுதித் தருகிறாய் அல்லவா, அதில் அந்தச் சிங்கிள்டனை எந்த முறையில் எழுதுவது, ஜாவாவில் அதற்கு இருக்கிற வழிகளில் எனம் போடவா, ஹோல்டர் போடவா என்று கேட்டாய். அதை அரை மணி நேரம் பேசினோம். மற்றதைப் போனை வைக்கிற சாக்கில் சும்மா சொல்வதுபோலச் சொன்னாய். ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிற வேலை வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் மறுத்து எழுதிவிடப் போகிறேன் என்றாய். "நீ கண்ணு ஆபரேஷன் பண்ணோணும். என்னைய உட்டா உனக்கு யாரும்மா இருக்கறா?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். அது கோபம் இல்லை. களைப்பு. உடம்புக் களைப்பு தூங்கினால் போய்விடும், இது அந்தக் களைப்பும் இல்லை. போனில் பதில் சொன்னால் நடுவில் பேசி என்னை மடக்கிவிடுவாய், உன் அப்பாவின் குணம் அது. அதனால் எழுதுகிறேன். முதல் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இரண்டாவதற்கும் பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நீ விரும்புகிற முறையில் எழுதுவதில் தப்பில்லை. புரோகிராம் முழுவதற்கும் ஒரு பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டாவது உருவாகவே கூடாது, அதை யார் எங்கிருந்து கேட்டாலும் அந்த ஒன்றே கையில் கிடைக்க வேண்டும். சிங்கிள்டன் என்றால் அவ்வளவுதான். நம் புரோகிராமில் அந்த ஒன்று டிஸ்பாட்சர். எந்த ரிக் வண்டி எந்த ஊருக்கு, எந்த விவசாயி காட்டுக்கு, எந்தத் தேதியில் போர் போடப் போகிறது என்று முடிவு செய்வது அது. டிஸ்பாட்சர் இரண்டு இருந்தால் ஒரே வண்டியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். நீ பள்ளிக்கூடம் போகும் முன்பே நான் அதை எழுதினேன். யாராவது கேட்கும்போது இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் செய்து கொடு, இதுதான் நான் முதலில் எழுதியது. இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால் இருவருக்கும் இல்லை என்றே தெரியும், இருவருக்கும் தனித்தனியாக ஒன்று பிறந்துவிடும். பிறகு வாசலுக்குப் பூட்டுப் போட்டேன், ஒவ்வொரு முறையும் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பிறகு பூட்டுக்கு முன்னால் ஒரு முறை, உள்ளே போய் ஒரு முறை என்று இரண்டு தடவை பார்க்க வைத்தேன். முழுதாகப் பிறக்கும் முன் வெளியே காட்டாதே என்பதற்கு வொலட்டைல் என்ற ஒரு சொல் சேர்க்க வேண்டும், நான் சேர்க்கவில்லை, பாதி பிறந்த டிஸ்பாட்சரை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினார். ஹோல்டர் முறையில் இந்தத் தொல்லை இல்லை, முதல் முறை தொடும்போது மொழியே பார்த்துக்கொள்ளும். எனம் இன்னும் கெட்டி. சேமித்து வைத்துத் திரும்பப் படித்தாலும், பின்வாசல் வழியாக வந்தாலும் இன்னொன்று பிறக்காது. எழுதித்தான் தீர வேண்டும் என்றால் எனம் எழுது. இதைச் சொல்ல உனக்கு நான் தேவையில்லை, எந்தப் பையனும் சொல்லிவிடுவான்.

ஆனால் ஒன்றே ஒன்று என்று நாம் எழுதி வைத்துவிட்டால் உலகத்தில் ஒன்றே ஒன்று ஆகிவிடுமா? நம் முதலாளி திருச்செங்கோட்டு ஆபீஸ் போதாதென்று நாமக்கல்லில் ஒரு கிளை திறந்தார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, "அம்மணி, அதுலயும் ஏத்திக் குடுத்துருங்க" என்றார். நானும் பெருமையாகப் போய் ஏற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் இரண்டு பக்கத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கொஞ்ச நாள் கழித்துப் பரமத்தி வேலூரிலிருந்து ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் போன் செய்தார். "ஏனுங்க, வண்டி எங்கீங்க? மஞ்சப் புள்ளையாரு புடிச்சு வெச்சாச்சு. தேங்கா ஒடைக்கறதுக்கு வண்டி வந்து நிக்கோணுமல்லங்க? நல்ல நேரம் முடியப் போகுது, மாமன் மச்சான் அல்லாரும் காட்டுல நிக்கறாங்க" என்றார். நான் திரையைப் பார்த்தேன். வண்டி அவருக்கு என்றுதான் போட்டிருந்தது. "கெளம்பிருச்சுங்க, வந்துருமுங்க" என்றேன். அந்த வண்டியோ காலையிலிருந்து ஜலகண்டாபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கொல்லையில் போர் ஓட்டிக்கொண்டிருந்தது. நாமக்கல் கம்ப்யூட்டர் அங்கே அனுப்பியிருந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கத்தவில்லை. "பொய் சொல்லிப்போட்டீங்களே அம்மணி" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எரிச்சலில் காபியாவது கேட்போம் என்று வாசலைப் பார்த்து, "ஏனுங்க!" என்று ஒரு சத்தம் போட்டேன். உன் அப்பா முன்கட்டிலிருந்து எழுந்து வந்தார். பின்கட்டிலிருந்து உன் சித்தப்பாவும் எழுந்து வந்தார். இது நம் வீட்டில் எப்போதும் நடக்கிற கூத்துதான், உனக்குத் தெரியும். நான் கூப்பிட்டாலும் உன் சித்தி கூப்பிட்டாலும் இரண்டு பேரும் வந்து நிற்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. "என்னைய இல்லீங்களா அண்ணி?" என்று சித்தப்பா கேட்க, "உன்னையக் கூப்படறதுக்குத்தான் உள்ள ஒருத்தி இருக்கறாளே, போடா" என்று அப்பா சிரித்தார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. எனக்கு ஏனுங்க ஒருவர்தான். சித்திக்கும் ஏனுங்க ஒருவர்தான். வீட்டுக்கு இரண்டு பேர். என் சிங்கிள்டன் ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒன்றுதான், நாமக்கல் கம்ப்யூட்டருக்குள்ளும் அது ஒன்றுதான். நீ எனம் எழுதினாலும் இதே கதைதான் நடக்கும். ஒரு வண்டிக்கு ஒரு நாளில் ஒரு காடுதான் என்ற கட்டுப்பாட்டை, இரண்டு ஆபீஸும் சேர்ந்து எழுதுகிற பொதுவான டேட்டாபேஸில்தான் போட வேண்டும். இரண்டாவதாக வருகிற புக்கிங்கை அது வாங்கவே கூடாது. அப்படித்தான் மாற்றினேன், அதன் பிறகு எந்த வண்டியும் இரண்டு ஊருக்குப் போகவில்லை. அதை நீ எடுத்துவிடாதே.

இவ்வளவு செய்தும் அந்தச் சிங்கிள்டனை நான் எடுக்கவில்லை. வசதியாக இருந்தது. எங்கே எது தேவைப்பட்டாலும் ஒரு வரி, கூப்பிட்டால் டிஸ்பாட்சர் வந்து நிற்கும். பில் போடுகிற இடத்தில் கூப்பிட்டேன், டீசல் கணக்கில் கூப்பிட்டேன், டிரைவர் லீவு எழுதுகிற இடத்தில்கூடக் கூப்பிட்டேன். நசீமா ஆபீஸில் சேர்ந்த புதிதில்தான் இதன் வண்டவாளம் தெரிந்தது. சேலத்தில் அவள் வீட்டார் இரும்புக் கடை வைத்திருக்கிறார்கள். கடையில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று கம்ப்யூட்டர் படித்துவிட்டு நம்மிடம் வந்தவள், நாக்குக் கொஞ்சம் நீளம். டீசல் கணக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்து சோதித்துப் பார்த்தவள் என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, நான் டீசலத்தானே கூட்டச் சொன்னேன், அது எதுக்குக்கா வண்டிய அனுப்புது?" என்றாள். டீசல் கணக்கை வெளியிலிருந்து பார்த்தால் யார் தயவும் தேவைப்படாத மாதிரி இருக்கும். உள்ளே பார்த்தால்தான் தெரியும், எல்லாம் அந்த ஒன்றின் மேல் சாய்ந்திருக்கிறது. ஒரு சோதனையில் அதில் ஒட்டிய அழுக்கு அடுத்த சோதனையில் வந்து நிற்கும். "இத எடுத்துப்போடலாங்க்கா" என்று நசீமா சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலை செய்கிறதை ஏன் தொட வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இது வேலை செய்யாமல் நின்றால் மற்றதெல்லாம் என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இப்போது உன்னைப் பற்றிப் பேசலாம். நீ எங்களுக்கு ஒத்தைப் பிள்ளை. நம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. காடு இரண்டாகப் பிரியக் கூடாது, இருக்கிறதை ஒன்றுக்கே நன்றாகச் செய்துவிடலாம் என்று எத்தனையோ வீட்டில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள், நாங்களும் நிறுத்திக்கொண்டோம். சித்தப்பாவுக்கும் பிள்ளை இல்லாமல் போனதால் இரண்டு கட்டுக்கும் நீ ஒருவன் ஆகிவிட்டாய். நீ ஒன்பதாவது படிக்கும்போது நம் வீட்டில் கேஸ் கனெக்‌ஷனுக்குப் போன் நம்பர் கேட்டார்கள். அப்பா வருஷத்தில் பாதி நாள் ரிக்கோடு வெளி மாநிலத்தில் இருப்பார், அவர் சிம் அடிக்கடி மாறும். சித்தப்பா தேவைக்குக் கூப்பிடுவாரே தவிர, வந்த போனை எடுக்கவே மாட்டார். நான் என் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். உன் நம்பர்தான் எல்லோருக்கும் மனப்பாடம். அதைக் கொடுத்தோம். பிறகு பேங்கில் கேட்டார்கள், அதையே கொடுத்தோம். ரேஷன் கார்டு, சித்தப்பாவின் பான் கார்டு, சித்தியின் அப்பாவுக்குப் பென்ஷன், கோயில் வரி ரசீது, எந்த ஜன்னலில் போய் நின்றாலும் இந்த வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து உன் நம்பர்தான் வரும். ஒருவர்கூட அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. பாசம் என்றே நினைத்தோம்.

அதற்குப் பிறகு உன் வாழ்க்கை எப்படி ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால் சித்தப்பாவின் மிஸ்டு கால் நிற்கும். பெங்களூரில் முதல் இன்டர்வியூவுக்கு நீ உட்கார்ந்திருந்தபோது, அந்த ஆபீஸ்காரர்கள் எதிரில், "சாமி, ஒரு நம்பரு வந்திருக்குமே, சீக்கரஞ் சொல்லு, இங்க அல்லாரும் நிக்கறாங்க" என்று அவர் கூப்பிட்டார். நீ மேஜைக்கு அடியில் போனைப் பார்த்து ஓடிபி சொல்லியிருக்கிறாய். வேலையும் கிடைத்தது, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்பா போனதற்கு அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரணச் சான்றிதழ் வாங்கப் போன இடத்திலும் ஓடிபி உனக்குத்தான் வந்தது. சுடுகாட்டிலிருந்து வந்து தலை ஈரம்கூட ஆறாத பையன், மாடிப்படியில் உட்கார்ந்து யாருக்கோ நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போதே ஏதாவது செய்திருக்க வேண்டும். மாதாமாதம் ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது, தள்ளிப் போட்டேன்.

ஜெர்மனியிலிருந்து உனக்கு வேலை வந்திருக்கிறது என்று நசீமா மூலமாகத்தான் எனக்கு முதலில் தெரியவந்தது, அவளிடம் யோசனை கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாத மாதிரி இருந்தேன். நீ என்ன சொல்லப் போகிறாய் என்பதும் தெரிந்தது. அதனால் நீ வாய் திறப்பதற்கு முன்னாலேயே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். புரோகிராமில் டிஸ்பாட்சர் என்று எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுகிற மாதிரி, உன் நம்பர் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடினேன். புரோகிராமில் என்றால் ஒரு பட்டனில் எல்லாம் வந்து நிற்கும். இதற்குப் பேருந்து ஏறிப் போக வேண்டியிருந்தது. பேங்கில் இருந்த பெண், "பையன் நம்பரே இருக்கட்டுமுங்களே, அவியளே பாத்துக்குவாங்கல்ல?" என்றாள். "அவன் தூரமாப் போறானுங்க" என்றேன். நீ போவதாகச் சொல்லவே இல்லை, நானே முடிவு செய்து அவளிடம் சொல்லிவிட்டேன். கேஸ் ஏஜென்சியிலும் அதையே கேட்டார்கள், இ-சேவையிலும் அதையே கேட்டார்கள். ஒரு நம்பரை மாற்ற அந்தப் பழைய நம்பருக்கே ஓடிபி வரும் என்று சில இடத்தில் சொன்னார்கள். போன மாசம் நான் அடிக்கடி கூப்பிட்டு நம்பர் கேட்டேனே, சலித்துக்கொண்டாயே, அதெல்லாம் உன்னைக் கழற்றிவிடத்தான். கால் வீங்கிப்போனது. சித்தப்பாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கி ஓடிபி படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் வந்த நம்பரை டீக்கடையில் உரக்கப் படித்திருக்கிறார். சித்தி திட்டிய திட்டில் இப்போது என்னிடம்கூடச் சொல்வதில்லை, போனை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு போய்ப் படிக்கிறார்.

இனி என் பதிலைச் சொல்கிறேன். எனமும் வேண்டாம், ஹோல்டரும் வேண்டாம். புரோகிராம் தொடங்குகிற இடத்தில் ஒரு டிஸ்பாட்சரைச் சாதாரணமாக ஒரு முறை செய். யாருக்கு அது வேண்டுமோ அவர்கள் பிறக்கும்போதே கன்ஸ்ட்ரக்டரில் வெளிப்படையாகக் கேட்கட்டும், நீ கையில் கொடு. யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பது வாசலிலேயே தெரியும். டீசல் கணக்குக்கு அது தேவையில்லை என்றால் கொடுக்காதே, அது தன் பாட்டுக்குக் கூட்டட்டும். நசீமாவுக்குச் சோதிக்க ஒரு பொய் டிஸ்பாட்சர் வேண்டுமானால் அதைக் கொடுத்துக்கொள்வாள். எழுதுவது கொஞ்சம் அதிகம், அலுப்பான வேலை, எல்லா இடத்தையும் தொட வேண்டும். ஒரே நாளில் ஆகாது. ஒவ்வொன்றாக மாற்று. ஒன்று இருப்பது வேறு, அந்த ஒன்றை எல்லோரும் எங்கிருந்தும் பிடித்து இழுப்பது வேறு. நீ ஒருவன்தான், அதை யாராலும் மாற்ற முடியாது. இழுப்பதை நிறுத்தலாம்.

ஆபரேஷன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வலது கண் ஆபரேஷன் போன மாசமே முடிந்துவிட்டது. திட்டாதே. கொஞ்ச நாள் வீடியோவில் வராமல் போனில் மட்டும் பேசினேனே, நெட் சரியில்லை என்றேனே, அது அதற்குத்தான். சித்தியிடம் நான் அதுவரைக்கும் எதையும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், எது என்றாலும் உன்னைக் கேட்பதே பழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பின்கட்டுக்குப் போய், "சேலத்துக்கு என்ற கூட வாரியா?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இத்தன நாளாக் கேக்காம இருந்தீங்களே அக்கா, நான் என்னத்துக்கு இந்த ஊட்ல இருக்கறேன்?" என்று அழுதேவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நசீமாவிடம் சொல்லவே இல்லை, ஆபீஸுக்கு லீவு மட்டும் சொன்னேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நசீமா சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கிறாள். சித்தப்பா சொல்லிவிட்டாராம், புதுப் போனில் அவர் செய்த முதல் உருப்படியான காரியம். உள்ளே எனக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள், எதிரில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "இந்தம்மா கூட வந்தவங்க யாருங்க?" என்று கூப்பிட்டாள். இரண்டு உருவம் ஒன்றாக எழுந்தது. "ஒருத்தர் போதுமுங்க" என்றாள் நர்ஸ். "ரெண்டு பேரும் வாரமுங்க" என்றாள் சித்தி. எனக்கு முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. மருந்து விட்ட கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று நர்ஸ் திட்டினாள்.

உன்னை அனுப்ப எனக்கு மனசில்லை. இதைப் படித்துவிட்டு, அம்மா சந்தோஷமாக அனுப்புகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ போனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு நீளமாக இருக்கும், தீபாவளிக்குச் சித்தியும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு இருப்போம். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்ளத் தெரியாத ஆள் இல்லை. ஆனால் எங்களுக்காக நின்றேன் என்று மட்டும் நீ நிற்கக் கூடாது. அந்தப் பாரத்தை இந்த வயசில் என்னால் தூக்க முடியாது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும். பிடிக்காமல் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, அது உன் இஷ்டம். அம்மாவுக்கு யாரும் இல்லை என்று மட்டும் எழுதாதே, அது பொய்.

இப்போது உன் போனை எடுத்துப் பார். இந்த மாசம் நம் வீட்டிலிருந்து ஒரு ஓடிபிகூட உனக்கு வந்திருக்காது. நீ கவனித்திருக்க மாட்டாய். ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை, மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே விட்டு வைத்தேன். கரண்ட் பில். இரண்டு மாசத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுத்ததும், இந்த வீட்டில் இத்தனை யூனிட் ஓடியது என்று உன் நம்பருக்கு ஒரு மெசேஜ் வரும். பணத்தை இங்கே நான் கட்டிவிடுவேன், நீ யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீ எங்கே இருந்தாலும் அது வரட்டும். படித்துவிட்டு, ஊட்டில் லைட் எரிகிறது என்று தெரிந்துகொண்டு, உன் வேலையைப் பார்.

அம்மா